இரண்டாவதாக ஒருவர் இருந்தார்

"இதுக்கு முன்னாடி இந்த மாதிரி எப்பவாவது வந்திருக்காம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லை" என்றேன்.

பொய். "உண்மையைச் சொன்னா ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்று முப்பது வருஷமாகப் பிள்ளைகளை மிரட்டியே கணக்குப் பாடம் நடத்தியவள் நான். ஐம்பத்து நாலு வயதில், நெற்றியில் ஐந்து தையலோடு கட்டிலில் கிடந்துகொண்டு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பொய் சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

ஏன் பொய் சொன்னேன் என்று விளங்க, கோச்சடையில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். அங்கே விசுவநாதன் சார் வீட்டு மாடியில் வியாழக்கிழமை சாயங்காலம் வேதாந்த வகுப்பு நடக்கும். சார் காவி கட்டியவர் இல்லை. ஆபீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளை வேட்டி, முட்டிவலி. நாங்கள் பன்னிரண்டு பேர் போவோம். அத்வைதம் என்ற சொல்லைக் கேட்டால் பெரிய மலை மாதிரி இருக்கும். சார் சாதாரணமாகச் சொல்வார். பார்க்கிறவர் ஒருத்தர், பார்க்கப்படுகிற பொருள் இன்னொன்று என்று நாமாகப் பிரித்து வைத்திருக்கிறோம். இருப்பது ஒன்றுதான், இரண்டாவது என்று எதுவும் இல்லை. அவ்வளவுதான் பாடம். அதை விளங்கிக்கொள்ளத்தான் ஒரு ஆயுசு போதாது.

நான் அங்கே போனதற்குக் காரணம் பயம். சின்ன வயதில் இருந்தே எனக்குச் சாவு பயம் உண்டு. அந்தப் பயம் அழுகையாக வந்தாலாவது நாலு பேர் ஆறுதல் சொல்வார்கள். எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் காய்ச்சல் வந்தவரையே திட்டுவேன். வீட்டுக்காரர் உசிலம்பட்டியில் விதைக்கடை வைத்திருக்கிறார். எங்கள் வீடு இருக்கிற ஆனையூரில் இருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவார். பஸ் அரைமணி தாமதமானால் அவர் அடிபட்டுக் கிடக்கிற மாதிரி நினைத்து நடுங்கிக்கொண்டிருப்பேன். அவர் முழுசாக வாசலில் வந்து நின்றதும் வாங்கிக் கட்டிக்கொள்வார். "உசுரோட வந்ததுக்கு இம்புட்டுத் திட்டா?" என்று செருப்பைக் கழற்றுவார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், அரையாண்டுப் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தபோது முதல் தடவை அது வந்தது. வயிற்றுக்குள் இருந்து ஏதோ ஒன்று மெல்ல மேலே ஏறியது. நெஞ்சு, தொண்டை, தலை. பிறகு பேனா, மேசை, தெருவில் காய்கறிக்காரர் கூவுவது, என் கை எல்லாவற்றுக்கும் நடுவே இருந்த கோடுகள் அழிந்துபோயின. நான் மேசையைப் பார்க்கவில்லை. பார்ப்பது மட்டும் நடந்துகொண்டிருந்தது. தோசை மாவுக்குள் உப்பு எங்கே இருக்கிறது என்று யாரும் தொட்டுக்காட்ட முடியாதில்லையா, நானும் அப்படித்தான் அதற்குள் இருந்தேன். பயம் கொஞ்சம்கூட இல்லை. பயப்படுவதற்கு அங்கே ஆளே இல்லை.

சாரிடம் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டார். "இதை வெளியில யார்கிட்டயும் பேசாதீங்கம்மா. பேசினா கரைஞ்சு போயிரும்" என்றார். அது எங்கள் வகுப்பின் வழக்கம். அனுபவத்தைச் சாரிடம் மட்டும்தான் சொல்லலாம். இன்னொரு வழக்கமும் உண்டு. யாராவது அந்த நிலையில் இருந்தால் அவர்களைத் தொடக் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது.

அதற்கப்புறம் மாதம் ஒன்றோ, இரண்டு மாதத்துக்கு ஒன்றோ வந்தது. வகுப்பிலேயே இரண்டு முறை வந்தது. எனக்கு முன்வரிசையில் தனிப் பாய் போட ஆரம்பித்தார்கள். போகும்போது இரண்டு பேர் என்னைக் கும்பிட்டார்கள். வேண்டாம் என்று கையை ஆட்டினேன், ஆனால் பிடித்திருந்தது. இதில் என்ன வெட்கம், பிடித்துத்தான் இருந்தது.

ஒருநாள் வீட்டுக்காரரைப் பின்னால் வைத்து ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போனேன். காளவாசல் சிக்னலில் சிவப்பு விளக்கு எரிந்ததாம். நான் நிற்காமல் போயிருக்கிறேன். அவர் பின்னால் இருந்து கையை நீட்டி பிரேக்கைப் பிடித்திருக்கிறார். லாரி ஒன்று உரசிக்கொண்டு போனது. "சிவப்பு விளக்கு கண்ணுக்குத் தெரியலையா? வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று கத்தினார். இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை வகுப்பில் போய், "செய்கிறவர் இல்லாமலே செயல் நடந்தது சார்" என்றேன். எல்லாரும் கைகூப்பினார்கள். அந்த லாரிக்காரர் கைகூப்பியிருக்க மாட்டார்.

கடைசியாக வகுப்பில் வந்தபோது அது நிற்கவில்லை. நடந்ததெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். நான் உட்கார்ந்தபடியே விறைத்திருக்கிறேன். ஒருவர் கற்பூரம் ஏற்றியிருக்கிறார். ஒருவர் துளசி மாலையைக் கொண்டுவந்து என் கழுத்தில் போடாமல், தொடக் கூடாதல்லவா, எனக்கு முன்னால் வைத்திருக்கிறார். பிறகு நான் சரிந்து குத்துவிளக்கில் நெற்றி இடித்து, கையும் காலும் வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டன. அப்போதும் பதினொரு பேரும் சுற்றி நின்று ஓங்காரம் சொல்லியிருக்கிறார்கள். காபித் தட்டோடு மாடியேறி வந்த சாரின் மருமகள்தான், "ஆத்தாடி, வலிப்பு வந்திருக்கு! என்னய்யா வேடிக்க பாக்குறீக?" என்று தட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். உடனே சுற்றி நின்றவர்கள் சுதாரித்துக்கொண்டு என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்களாம். வலிப்புக்கு இரும்பு கொடுப்பது நம் ஊர் வழக்கம் அல்லவா. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது என் கையில் விசுவநாதன் சார் வீட்டுப் பீரோ சாவி இருந்தது.

மறுநாள் ஸ்கேன். காந்தத்தைக் கொண்டு மூளையைப் படம் எடுப்பார்கள். உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. தோடு, மூக்குத்தி, வளையல் எல்லாம் கழற்றினேன். தாலிச் சங்கிலியைக் கழற்றத்தான் கை வரவில்லை. நர்ஸ் ஒரு மஞ்சள் கயிற்றைக் கொண்டுவந்து கட்டிக்கொள்ளச் சொன்னாள். இதற்கென்றே டிராயரில் ஒரு கட்டு வைத்திருக்கிறார்கள். அப்படியும் சங்கிலியைக் கழற்றும்போது பயம் வந்தது, அதனால் நர்ஸைத் திட்டினேன். வீட்டுக்காரர் கையை நீட்டினார்.

"குடு, நான் வச்சிருக்கேன்."

"பையில வச்சா விழுந்து தொலைஞ்சிரும்."

"பையில ஏன் வைக்கிறேன்?" என்று சொல்லித் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு சட்டைப் பட்டனைப் போட்டார். "நீ போட்டா என்ன, நான் போட்டா என்ன? எல்லாம் ஒண்ணுதான்னு உங்க வகுப்புல சொல்றாகல்ல?"

அந்தக் குழாய்க்குள் முக்கால் மணி நேரம், யாரோ தகரத்தில் சுத்தியலால் அடிப்பதைப் போன்ற சத்தத்துக்கு நடுவே, சட்டைக்குள் தாலியோடு வெளியே உட்கார்ந்திருக்கிற மனுஷனை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. "ஆடாதீங்கம்மா" என்று மைக்கில் சத்தம் போட்டார்கள்.

படத்தில், இடது காதுக்கு உள்பக்கமாக, பட்டாணி அளவில் ஒரு முடிச்சு தெரிந்தது. மெல்லிய ரத்தக் குழாய்கள் பிறவியிலேயே சிக்குண்டு பந்தாகக் கிடக்கின்றன என்றார் டாக்டரம்மா. பக்கத்தில் இருக்கிற மூளைப் பகுதியை அது அவ்வப்போது உறுத்தும். அப்போது அங்கே மின்சாரம் தாறுமாறாகப் பாயும். அதுதான் வலிப்பு. எல்லா வலிப்பும் கைகால் இழுப்பதில்லை. சிலருக்கு வயிற்றில் இருந்து ஏதோ ஏறும், சிலருக்கு இல்லாத வாசனை வரும், அபூர்வமாகச் சிலருக்கு அளவில்லாத ஆனந்தம் வரும். சொல்லிவிட்டு, "அந்த மாதிரி ஏதாவது?" என்று மறுபடியும் கேட்டார்.

"இல்லை" என்றேன் மறுபடியும். மாத்திரை கொடுப்பார்கள். கொடுத்தால் அது நின்றுவிடும். பயமே இல்லாத ஒரே ஒரு இடம் எனக்கு இருந்தது, அதைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொள்வார்கள். அதைவிட அந்த முடிச்சு தலைக்குள்ளேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நிஜமாகவே நினைத்தேன்.

அடுத்த நாள் காலையில் வீட்டுக்காரர் உசிலம்பட்டிக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பி வந்தார். ஒரு கையில் தூக்குச்சட்டியில் ரசம் சாதம். இன்னொரு கையில் சுருட்டிய காகிதக் கட்டு. விரித்தால், உரக் கம்பெனிக்காரர்கள் கடைக்குக் கொடுக்கிற மாதக் காலண்டர்கள், மூன்று வருஷத்துடையவை. அதில் என்னென்னவோ குறித்திருப்பார். மழை பெய்தால் ஒரு கோடு. மாட்டுக்குச் சினை ஊசி போட்டால் ஒரு பெருக்கல் குறி. அவற்றுக்கு நடுவே சிவப்பு மையில் வட்டங்கள்.

"என்ன இது?"

"நீதேன்."

கணக்கு டீச்சர் எண்ணாமல் இருப்பேனா? எண்ணினேன். நாற்பத்து மூன்று வட்டம். எனக்குத் தெரிந்து வந்தது பதினைந்து, பதினாறு தடவைதான்.

"பொய்க் கணக்கு. இம்புட்டுத் தடவை எப்ப வந்துச்சு?"

"உனக்குத் தெரிஞ்சது கொஞ்சம், எனக்குத் தெரிஞ்சது மிச்சம். சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருப்ப, கை நின்னு போகும். வாயில ஒண்ணும் இருக்காது, சும்மா மென்னுக்கிட்டு இருப்ப. கூப்பிட்டா திரும்ப மாட்ட. அப்புறமா நீயே 'என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க'ன்னு என்னையத் திட்டுவ."

"மாட்டுக்குப் பக்கத்துலயா என்னைக் குறிச்சு வச்சீங்க?"

"மாட்டையும் நாந்தான பாக்குறேன்" என்றார். பிறகு சிரிப்பு இல்லாமல் சொன்னார். "இந்தாரு டீச்சரு. டாக்டர் முன்னாடி உன்னையக் காட்டிக் குடுக்க மாட்டேன். நீயாச் சொல்லு. ஆனா அந்த லாரிய நான் இன்னும் கனவுல பாக்குறேன்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. காலண்டரைச் சுருட்டி அவர் மேலேயே வீசினேன். அவர் அதை எடுத்து நீவிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, ரசம் சாதத்தைத் தட்டில் போட்டார். சாப்பிட்டேன். சாயங்காலம் டாக்டரம்மா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அனுபவம், வகுப்பு, பாய், கும்பிடு, எதையும் விடவில்லை.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அது பொய்யின்னு நான் சொல்ல மாட்டேம்மா. எங்க கிளம்புதுன்னு தேடத்தான் எனக்குத் தெரியும்" என்றார்.

தேடுவதற்கு ஒரு பரிசோதனை உண்டு. தலையை டேப் வைத்து அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, பசையால் இருபதுக்கும் மேற்பட்ட ஒயர்களை ஒட்டுவார்கள். மூளையில் ஓடும் மின்சாரம் கம்ப்யூட்டரில் கோடுகளாக விழும். எதிரே ஒரு கேமரா எந்நேரமும் ஓடும். மாத்திரை எதுவும் கொடுக்காமல், வலிப்பு வரட்டும் என்று காத்திருப்பார்கள். வரக் கூடாதே என்று ஊரே வேண்டிக்கொள்கிற இடத்தில், அது வர வேண்டும் என்று உட்கார்ந்திருப்பது விசித்திரம்தான். தலையில் துணியைச் சுற்றி முண்டாசு கட்டிவிட்டார்கள். "மாப்பிள்ளைத் தோரணை வந்துருச்சு" என்றார் வீட்டுக்காரர். என் கையில் ஒரு பட்டன், அவர் கையில் ஒன்று. ஆரம்பிக்கிறது என்று தெரிந்ததும் அமுக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. பள்ளிக்கூட வேலைக்கு உண்டான காப்பீடு இருந்தது.

இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாவது நாள் சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்காரர் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். வயிற்றில் இருந்து அது ஏறத் தொடங்கியது. பட்டன் என் கைக்குள்தான் இருந்தது. மறக்கவில்லை. அமுக்க மனசு வரவில்லை. இதுவே கடைசி என்று தோன்றியது. சாத்துக்குடி வாசனை, ஃபேன் சத்தம், சுவர் வெள்ளை எல்லாம் கோடு அழிந்து ஒன்றாயின. அப்படி ஒரு நிறைவு. யாரும் இல்லை, எதுவும் குறையவில்லை. பிறகு நர்ஸ் என் கன்னத்தைத் தட்டி "உங்க பேரு என்ன?" என்று கேட்பது கேட்டது. அவளைப் பார்த்துச் சிரித்தேன்.

மறுநாள் டாக்டரம்மா, "படத்தைப் பாக்குறீங்களா? கட்டாயம் இல்லை" என்றார். பார்க்கிறேன் என்றேன். அவர் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் நானும் வீட்டுக்காரரும் உட்கார்ந்தோம்.

முதலில் என் முகம். சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. கோபக்காரி முகமே இல்லை. டாக்டரம்மா கீழே ஓடிய கோடுகளைக் காட்டினார். "இந்த இருபது, முப்பது விநாடி உங்க முகம் மாறியிருக்கு. ஆனா கோட்டுல ஒரு மாற்றமும் தெரியல. உள்ளே ஆழத்துல ஆரம்பிச்சிருக்கலாம், மேல ஒட்டின ஒயருக்குத் தெரியாது. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலம்மா." அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

அதற்குப் பிறகுதான் கோடுகள் கொந்தளித்தன. எனக்கு ஞாபகமே இல்லாத பகுதி அது. படத்தில் இருந்த அம்மாளின் கண் நிலைகுத்தியது. வாய் சப்புக்கொட்டியது. இடது கை போர்வையைப் பிய்த்துக்கொண்டே இருந்தது. கடைவாயில் எச்சில் வழிந்தது. சாத்துக்குடி தரையில் உருண்டது. வீட்டுக்காரர் ஒரு கையால் பட்டனை அமுக்கினார், இன்னொரு கையால் என்னைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார். தோளில் கிடந்த துண்டால் என் வாயைத் துடைத்தார். வழிய வழியத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் கை நடுங்குவது கேமராவில் நன்றாகத் தெரிந்தது. மெல்லிய சத்தத்தில், "பயப்படாத, நான் இங்கனதான் இருக்கேன். பயப்படாத" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

எனக்குப் பயம் ஏது? இரண்டாவது என்று எதுவுமே இல்லாத இடத்தில் அல்லவா நான் இருந்தேன். இரண்டாவதாக ஒருவர் என் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்து மூன்று தடவையும் அவர் இருந்திருக்கிறார். நான் பயமில்லாமல் போய் வந்த நேரமெல்லாம், என் தாலியை வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி, என் பயத்தையும் அவர்தான் வாங்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த அறையிலேயே அழுதேன். "வீடியோவுல நானும் இருப்பேன்னு தெரிஞ்சிருந்தா சட்டையை மாத்தியிருப்பேன்" என்றார் அவர்.

மாத்திரை ஆரம்பித்தார்கள். அதிலேயே அடங்கினால் அறுவை தேவைப்படாது, வருஷத்துக்கு ஒருமுறை ஸ்கேன் போதும் என்றார்கள். வீட்டுக்குப் போகிற அன்றைக்கு விசுவநாதன் சார் வந்தார். பழப் பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். 

"உங்க வாயில நுரை வந்ததைப் பார்த்தேம்மா. ஒருத்தர் தொட வந்தார். நான்தான் கையைப் பிடிச்சுத் தடுத்தேன்."

விடுவேனா? அந்த வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரித் திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "வந்து போறது எதுவும் அந்த ஒண்ணு இல்லைன்னு எத்தனை வருஷமா வகுப்புல சொல்லிட்டிருக்கேன். எனக்கு ஒரு தடவைகூட எதுவும் வந்ததில்லம்மா. உங்களுக்கு வந்ததும், என் பாடம் பலிச்சிருச்சுன்னு ஆசைப்பட்டுட்டேன்" என்றார். பழப் பையை வாங்கிக்கொண்டேன்.

இப்போதும் வியாழக்கிழமை போகிறேன், பின்வரிசையில் உட்காருகிறேன். சாரின் மருமகள் மாடிப்படியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள்: யாராவது விழுந்தால் தொடவும். ஸ்கூட்டரை விற்றாயிற்று. இதை எழுதும்போது மாத்திரை ஆரம்பித்து எட்டு மாதம். அது வரவில்லை. நர்ஸிடம் சிரித்த அந்தச் சாயங்காலத்தை நினைக்காத நாள் இல்லை. அது நிஜமா, முடிச்சின் வேலையா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பயம் பழையபடி திரும்பி வந்துவிட்டது. அது மட்டும் நன்றாகத் தெரியும்.

போன வாரம் உசிலம்பட்டிக் கடைக்குப் போயிருந்தேன். சுவரில் இந்த வருஷத்துக் காலண்டர். மழைக்கு நாலு கோடு, மாட்டுக்கு ஒரு பெருக்கல் குறி. போன மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மேல் சிவப்பு வட்டம்.

"என்னங்க, எனக்கு வந்துச்சா? எங்கிட்டச் சொல்லாம மறைச்சீங்களா?"

அவர் விதைப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "அதுவா? அது வேற. அன்னிக்கு நீ விடிஞ்சதுல இருந்து தூங்குற வரைக்கும் யாரையும் திட்டல. பஸ்ஸு ஒண்ணரை மணி நேரம் லேட்டு, வாசலுக்கு வந்து 'வாங்க'ன்னு மட்டும் சொன்ன. அதிசயமா இருந்துச்சு, போட்டு வச்சேன்."

அந்தச் செவ்வாய்க்கிழமையை எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். என்ன சமைத்தேன், என்ன நினைத்தேன், ஏன் திட்டவில்லை, ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. ஒரு முழு நாள் பயம் என்னை விட்டுப் போயிருந்திருக்கிறது, நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. இதை என்னிடம் அன்றைக்கே சொல்லாமல் ஒரு மாதம் சுவரில் தொங்கவிட்டதற்காக, கடையில் ஆள் நிற்கிறதென்றுகூடப் பார்க்காமல் அவரைத் திட்டினேன்.